மூப்பர்கள் காத்த தீவு

முதல் நாள், நாகசாகி

தடைக்காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த ஹிசாக்காத் தீவைப் பார்ப்பதற்காகத்தான் ஜப்பானுக்கு வந்தேன். ஆனால் அந்தத் தீவின் கதையை நாகசாகியில் ஓவுராக் குன்றின் படிகளிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். அதனால் முதல் நாளை இங்கேயே கழித்தோம். என் தங்கையின் மகள் இந்த நகரில் படிக்கிறாள். நான்கு நாளும் எனக்கு வாயும் காதும் அவள்தான்.

ஓவுராப் பேராலயம், துறைமுகத்தில் குடியேறிய வெளிநாட்டவருக்காகப் பிரெஞ்சுக் குருமார் கட்டியது. ஜப்பானியர் கிறிஸ்தவராக இருப்பது அப்போதும் குற்றம். நாடு முழுவதற்குமான தடை 1614இல் வந்தது. நாட்டில் ஒளிந்திருந்த கடைசிக் குருவும் 1644இல் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்த மக்களுக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை. 1865 மார்ச் 17ஆம் திகதி, உராகாமிக் கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து இந்த வாசலில் நின்றார்கள். பெர்னார் பெத்திஜான் சுவாமி கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார். அவர் முழந்தாளிட்டுச் செபிக்கையில் ஒரு பெண் அருகில் வந்து, தங்கள் நெஞ்சும் அவர் நெஞ்சும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். அடுத்து, சாந்தா மரியாவின், அதாவது மாதாவின், சுரூபம் எங்கே என்று கேட்டாள். அந்தச் சுரூபம் இன்றும் பக்கப் பீடத்தில் இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றோம்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சுரூபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னை உலுக்கியது அதன் பின் நடந்த பேச்சு. இப்போது தாங்கள் துக்க காலம் அனுசரிக்கிறோம், இன்று அதன் பதினேழாம் நாள், நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்று அவர்கள் சுவாமியைக் கேட்டார்கள். துக்க காலம் என்று அவர்கள் சொன்னது தவக்காலத்தை. அது தொடங்கும் விபூதிப் புதன் 1865இல் மார்ச் முதலாம் திகதி வந்தது. விரல் விட்டு எண்ணினேன். மார்ச் 17 பதினேழாம் நாள்தான்! இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குரு இல்லை, கோயில் இல்லை, உரோமையிலிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. ஆனாலும் தவக்காலம் ஒரு நாள் பிசகவில்லை.

இதைச் செய்தவர்கள் விவசாயிகளும் மீனவர்களும். பஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுப்போனதாக மரபு சொல்லும் ஒரு நாட்காட்டி அவர்களிடம் இருந்தது. ஊரில் ஒரு மூத்தவர் அதை வைத்துக்கொண்டு, ஜப்பானியச் சந்திர மாதக் கணக்கோடு ஒட்டிப் பார்த்து, திருநாள்களையும் விரத நாள்களையும் குறித்துச் சொல்வார். இன்னொருவர் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். மூன்றாமவர் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோவார். ஜப்பானிய மொழியில் மூவருக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் மூப்பர்கள். திருநாளன்று யாரும் ஊசி எடுக்கக்கூடாது, எரு அள்ளக்கூடாது என்பது அவர்கள் கட்டளை. வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஒரு பெண் இன்றைக்குத் தையலைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

மன்னார்த் தீவில் பிறந்தவளுக்கு இது அந்நியமான கதையல்ல. 1658இல் ஒல்லாந்தர் குருமாரைத் துரத்திய பின், 1687இல் யோசேவாஸ் அடிகள் இலங்கைக்கு வரும் வரை எங்கள் முன்னோரும் இப்படித்தான் இருந்தார்கள். அது இருபத்தொன்பது ஆண்டு. இவர்கள் தாங்கியது இருநூற்று இருபது ஆண்டுக்கு மேல். இந்தக் கணக்கு இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டாம் நாள், ஃபுக்குவே

காலையில் அதிவேகப் படகில் ஏறினோம். ஹிசாக்காவும் சேர்ந்த கோத்தோத் தீவுகளில் பெரியதான ஃபுக்குவேக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வந்து இறங்கிய பிறகு காற்று எழும்பிவிட்டது. ஹிசாக்காவுக்குப் போகும் சிறு கப்பல் இன்று ஓடாது என்று பலகையில் எழுதியிருந்தார்கள். தீவில் பிறந்தவர்களுக்குக் கடலோடு வழக்காடத் தெரியாது. பையை விடுதியில் போட்டுவிட்டு, வடக்கே தோசாக்கி ஆலயத்துக்குப் போனோம்.

சிவந்த செங்கற்கோயில். 1908இல் கட்டியது. அலைகள் படிக்கட்டுக்குக் கிட்டத்தில் வந்து போகின்றன. உள்ளே இப்போது காட்சியகம். 1597 பெப்ரவரியில் நாகசாகிக் குன்றில் குருசில் அறையுண்ட 26 பேரில் ஒருவரான கோத்தோ யோவான் இந்தத் தீவுகளின் பிள்ளை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. முற்றத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

கோத்தோவுக்கு முதலில் வேதம் வந்தது 1566இல். லூயிஸ் த அல்மெய்தா என்ற வைத்தியம் தெரிந்த போர்த்துக்கேய இயேசுசபையாரும், லொரென்சோ என்ற ஜப்பானியச் சகோதரரும் வந்தார்கள். நோயில் கிடந்த பிரபுவை அல்மெய்தா குணப்படுத்தினார். அப்படி முளைத்த சபை, அடுத்த நூற்றாண்டின் கொடுமையில் ஏறத்தாழ வேரோடு போய்விட்டது. இன்று இங்கே இருக்கும் கத்தோலிக்கர் அவர்களின் வாரிசுகள் அல்லர். இவர்கள் குடியேறிகள்.

அந்தக் குடியேற்றத்தின் கதை 1797இல் தொடங்குகிறது. கோத்தோப் பிரபுவுக்குக் காடு வெட்ட ஆள் தேவை. கடலுக்கு அக்கரையில் ஓமுராப் பிரபுவிடம் ஆள் மிகுதி. முதலில் 108 பேர் சோத்தோமேக் கரையிலிருந்து ஏற்றப்பட்டு வந்தார்கள். பின்னால் வந்தவர்களோடு சேர்த்து மூவாயிரம் பேர் வரை என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள். அவர்கள் ஓடிவந்ததற்கு நிலம் மட்டும் காரணமல்ல. ஓமுராவில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த, பிறந்த சிசுவைக் கொல்லும் வழக்கம் இருந்தது. அதற்கு இவர்களுடைய மனச்சாட்சி உடன்படவில்லை. மடியில் பிள்ளையை அணைத்துக்கொண்டு படகேறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வந்த இடத்தில் நல்ல வயல் எல்லாம் முன்பிருந்தவர்களுக்கு. இவர்களுக்குக் கிடைத்தது செங்குத்துச் சரிவும் கல்லுக் கடற்கரையும். ‘வந்து ஒட்டியவர்கள்’ என்ற பொருளில் ஒரு பெயரும் கிடைத்தது. கோத்தோ சொர்க்கம் என்று எல்லாரும் போகத் துடிக்கிறார்கள், வந்து பார்த்தால் நரகம் என்று அந்தத் தலைமுறையின் வாய்மொழி ஒன்று உண்டு. நெல் விளையாத சரிவில் வத்தாளங்கிழங்கு நட்டார்கள். அதைச் சீவி, அவித்து, காற்றில் காயவைத்து ஆண்டு முழுவதும் தின்றார்கள். பெயர் கங்கோரோ. விடுதிக்கார அம்மா பிற்பகலில் கங்கோரோவும் பசையரிசியும் சேர்த்து இடித்த பலகாரத்தை வாட்டிக் கொடுத்தார். அவித்துக் காயவைப்பது என்றதும் எனக்குப் புழுக்கொடியல் நினைவு வந்தது. அவர்களுக்குக் கிழங்கு, எங்களுக்குப் பனை. பஞ்சம் வந்தால் கைகொடுப்பது எங்கும் இப்படிப்பட்ட ஒன்றுதான்.

காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கன்னோன் பொம்மை. கையில் குழந்தை. பௌத்தர் பார்த்தால் கருணைத் தெய்வம், இவர்கள் பார்த்தால் மாதா. அதற்குப் பக்கத்தில் செபச் சொற்கள் எழுதிய தாளை என் பெறாமகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். “பெரியம்மா, இதில் குருசு என்று இருக்கிறது” என்றாள். முதலில் நம்பவில்லை. ‘குருசு’தான். போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்த அதே சொல். கிறிஸ்து பிறப்புக்கு அவர்கள் சொன்னது ‘நாத்தாரா’. நாங்கள் மன்னாரில் நத்தார் என்கிறோம். பாணுக்கு ஜப்பானில் இன்றும் ‘பான்’தான்.

இது தற்செயல் இல்லை. முத்துக்குளித்துறையில் நடந்து ஞானஸ்நானம் கொடுத்த சவேரியாரிடம் மன்னார் மக்கள் ஆள் அனுப்பினார்கள். அவர் ஒரு குருவை அனுப்பிவைத்தார். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை அந்தப் புதுக் கிறிஸ்தவர்களை வெட்டிச் சாய்த்தது. 600 பேருக்கு மேல் என்பது எங்கள் மரபு. தோட்டவெளியில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. அதே சவேரியார்தான் ஐந்தாண்டு கழித்து, 1549 ஆகஸ்ட் 15இல், ஜப்பானின் காகோஷிமாவில் இறங்கினார். மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்த்துக்கேய ஞானோபதேச வினாவிடை ஒன்று 1579இல் கொச்சியில் தமிழாகி அச்சேறியது. அதைத் தழுவிய நூல் 1591இல் ஜப்பானிலும் அச்சானது. என் அம்மம்மாவுக்கு மனப்பாடமாக இருந்த கேள்வி பதில்களின் மூதாதையும், இந்தச் சரிவுகளில் கிழங்கு நட்டவர்களின் வாயில் இருந்ததும் ஒரே குடும்பம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள், ஹிசாக்கா

காற்று விழுந்தது. கப்பல் அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து எங்களைத் தானோவுராத் துறையில் இறக்கியது. தீவு குதிரை லாடம் போல வளைந்து, நடுவில் ஒரு குடாவை வைத்திருக்கிறது. பஸ் கிடையாது. முன்பே சொல்லிவைத்த வாடகைக் கார் நின்றது. ஓட்டுநர் எழுபது வயதைத் தாண்டியவர், பௌத்தர். இங்கே இரு சமயத்தாரும் வலை இழுப்பதிலும் வயல் வேலையிலும் அந்தக் காலம் தொட்டே ஒருவருக்கொருவர் உதவிவந்தவர்கள் என்றார். தடைக்காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஊரோடு சேர்ந்து உழைத்ததால்தான் இவர்களால் ஒளிந்திருக்கவும் முடிந்தது.

சாவு வீட்டில் மட்டும் ஒளிப்பது கடினம். விகாரைப் பிக்கு வந்து சூத்திரம் ஓத வேண்டும் என்பது சட்டம். அவர் ஓதுகையில் அடுத்த அறையில் நாலைந்து பேர், அந்த ஓதலை நீக்கும் செபத்தை உதடு அசையாமல் சொல்வார்கள். கிறிஸ்தவர் அல்லர் என்று காட்ட மாதாவின் உருவத்தை மிதிக்க வேண்டிய ஊர்களில், மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து ‘கொஞ்சிரிசான்’ சொல்வார்கள். அது எங்கள் உத்தம மனஸ்தாப மந்திரம். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில், முழு மனத்துயர் ஒன்றே மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மிதித்தவர்களைக் கோழைகள் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பிள்ளைகள் உயிரோடு இருந்தால்தான் அடுத்த தலைமுறைக்குத் தண்ணீர் ஊற்ற முடியும்.

ரோயானோசாக்கோவுக்குக் கார் ஏறிப் போயிற்று. பெயரிலேயே சிறை இருக்கிறது. ஓவுராவில் கதவு திறந்த செய்தி தீவுகளுக்கு எட்டியதும், இங்கிருந்து மூப்பர்கள் இரகசியமாகப் படகில் போய்ச் சுவாமியைக் கண்டு வந்தார்கள். வந்தவர்களால் பிறகு ஒளிய முடியவில்லை. வீட்டிலிருந்த பௌத்தப் பூசைப் பொருள்களை விட்டுவிட்டார்கள், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று அதிகாரிகளிடமே சொன்னார்கள். அப்போது 1868. புதிய மெய்ஜி அரசு பதவிக்கு வந்த ஆண்டு. உலகத்துக்குக் கதவு திறந்த அரசு இந்தத் தடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

ஹிசாக்காவில் ஏறத்தாழ 200 பேரைப் பிடித்து ஒரு சிறு வீட்டில் அடைத்தார்கள். அதன் அளவு ஆறு த்சுபோ, அதாவது 20 சதுர மீற்றர். நான் அந்த இடத்தில் காலால் அளந்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஆறு தப்படி, அந்தப் பக்கம் ஏழு தப்படி. ஒரு சதுர மீற்றரில் பத்துப் பேர். கால் தரையில் படாமல், அடுத்தவர் உடம்பில் தொங்கியபடி தூங்கினார்கள். காலையில் ஒரு துண்டு வத்தாளங்கிழங்கு, மாலையில் ஒரு துண்டு. மலசலமும் அங்கேயே. இப்படி எட்டு மாதம். அதற்கு முன்பும் இடையிலும் சித்திரவதை: கூர் விளிம்புள்ள மரத்தின்மேல் முழந்தாளிடவைத்து மடியில் கல்லை ஏற்றுவது. உள்ளே 39 பேர் இறந்தார்கள். வெளியே விட்ட பிறகு மூன்று பேர். இறந்தவர்களில் முதியவரும் குழந்தைகளும் அதிகம். செத்தவர்களின் உடலை உடனே எடுக்கவும் விடவில்லை. தான் பரைசோவுக்குப் போவதாகத் தாய் தகப்பனிடம் விடைபெற்ற ஒரு சிறுமியின் கதையை இங்கே சொல்கிறார்கள். பரைசோ என்றால் பரதீசு, மோட்சம்.

இப்போது அங்கே ஒரு நினைவாலயம் இருக்கிறது. வெளியே வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர். முன்னால் ஞானஸ்நானப் பெயர்: மரியா, தொமிங்கோ, பவுலோ. என் பெறாமகள் ஒவ்வொரு கல்லிலும் வயதைத் தேடி வாசித்தாள். ஒற்றை எண்ணாக வந்த இடங்களில் குரல் தாழ்ந்தது. பிறகு இருவரும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தமிழில் சொன்னோம். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார்.

வெளிவந்தவர்களுக்கு வீடும் மிஞ்சவில்லை. பாத்திரம் பண்டம், கலப்பை எல்லாம் சூறையாடப்பட்டிருந்தன. ஐரோப்பிய நாடுகளின் கண்டனம் வலுத்த பின் 1873இல்தான் தடைப் பலகைகளைக் கழற்றினார்கள். அந்த ஆண்டு நத்தாருக்கு, நாங்கள் நேற்று நின்ற தோசாக்கிக் கடற்கரையில் பிரெஞ்சுக் குரு ஒருவர் வெட்டவெளியில் பூசை வைத்தார்.

இரவு தானோவுரா அருகே ஒரு வீட்டில் தங்கல். வெளியே காமேலியா மரங்கள், பூக்கள் முழுதாக உதிர்ந்து கிடக்கின்றன. இந்த மரத்தின் விதையில் ஆட்டிய எண்ணெய்தான் தீவுக்காரரின் ஒரு வருமானம்.

நான்காம் நாள், கொரின்

தானோவுராவுக்கு மேலே ஹமாவாக்கி ஆலயம், வெள்ளைக் கொங்கிறீற்றுக் கோபுரத்தோடு நிற்கிறது. 1931இல் கட்டியது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த மரக்கோயிலைத் தேடித்தான் தீவின் கிழக்குக் கரைக்குப் போனோம். 1881இல், சிறையிலிருந்து வந்தவர்கள் உயிரோடு இருக்கையிலேயே கட்டிய கோயில் அது. பெரிய கோயில் வந்தபோது அதை உடைத்து விறகாக்காமல், கழற்றிக் கடல்வழியே கொண்டுபோய்க் கொரின் கிராமத்தில் மறுபடி பூட்டினார்கள். கொரின் மக்களுக்கு அதுவரை ஒழுங்கான கோயில் இல்லை.

கார்ப் பாதை ஓரிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு மலையோரமாக ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் ஈரக் காடு, மறுபக்கம் கீழே கடல். பத்துப் பதினைந்து நிமிட நடையில் வளைவு திரும்பியதும் ஓட்டுக்கூரை தெரிந்தது. கடலுக்கு முதுகு கொடுத்த நாலைந்து வீடுகள், இரண்டு படகுகள், காயும் வலை. அதற்குள் கோயில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய மீனவர் வீடு. பலகைச் சுவர், ஓட்டுக்கூரை. சன்னல்களின் மேல்விளிம்பு மட்டும் கூராக வளைந்திருக்கிறது.

உள்ளே போனதும் மூச்சு நின்றது. மரத்தூண்கள் மேலே போய் விரிந்து கைகோக்கின்றன. கல்லால் கட்ட வேண்டிய வளைவுக் கூரையை, படகுக்குப் பலகை வளைக்கத் தெரிந்தவர்கள் மரப்பலகையால் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பியக் கோயிலைக் கண்ணால் கண்டிராத தச்சர்கள், குருவானவர் சொல்லக் கேட்டுச் செய்தது. பீடத்தின் சின்னக் கோபுர வேலைப்பாடுகளில் உளித்தடம் தெரிகிறது. எத்தனையோ பேராலயங்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் நினைவில் வரவில்லை. எட்டு மாதம் நிற்கவும் இடமில்லாமல் இருந்தவர்கள், பதின்மூன்று ஆண்டு கழித்துத் தங்களுக்கென்று எழுப்பிய இடம் இது. அண்ணாந்து பார்க்க இவ்வளவு வெளி விட்டிருக்கிறார்கள்.

1985இல் பக்கத்தில் சிறிய புதுக்கோயில் கட்டியபோது, பழையதை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. கறையான், புயல், பராமரிப்புச் செலவு. தீவுக்குள்ளும் வெளியிலும் பலர் தடுத்ததால் நகரசபை பொறுப்பேற்றது. 1999இல் தேசிய முக்கிய பண்பாட்டுச் சொத்தானது. 2018இல், நாகசாகிப் பகுதியின் ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர் தலங்கள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, ஹிசாக்காவின் கிராமங்களும் அதில் ஒன்று.

காவலுக்கு இருந்த முதியவர் இதே ஊரில் மீன் பிடித்தவர். பெறாமகள் மூலம் அவரிடம் பேசினேன். ஒருகாலத்தில் தீவில் ஆயிரக்கணக்கில் மக்கள். இப்போது சில நூறு. போருக்குப் பிறகு இளைஞர் எல்லாரும் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், போனவர்கள் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். கொரினில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று கேட்டேன். கையை விரித்து, மூன்று விரலை மடக்கிக் காட்டினார். தனக்கு இந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் என்றார். முன்பு, நத்தார் இரவில் படகுகளில் ஆட்கள் வந்து இறங்குவார்களாம். விளக்குகளை எண்ணியே எத்தனை பேர் வருகிறார்கள் என்று தாய் சொல்லிவிடுவாராம்.

மன்னாரிலிருந்து வருகிறேன் என்றேன். அவருக்கு இடம் தெரியவில்லை. சவேரியார் என்றதும் முகம் மலர்ந்து, “ஸபியேரு-சமா” என்றார். குருசு என்று சொல்லிக் காட்டினேன். அவரும் “குருசு” என்றார். தன் பாட்டி அப்படித்தான் சொல்வார், இப்போது சாமியார்கள் வேறு சொல் சொல்கிறார்கள் என்று என் பெறாமகளுக்கு நீளமாக விளக்கினார். அவள் மொழிபெயர்க்க மறந்து கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிற்பகல் கப்பலைப் பிடிக்க நேரமாகிவிட்டது. அவர் சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார். சாத்தச் சாத்த உள்ளே கூரை இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சன்னலில் நின்று, எங்களைப் பாதை வளைவு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.